அழாத பிள்ளை

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழாத பிள்ளை என்ன ஆகும் என்று பழமொழி சொல்வதில்லை. ஊரில் அதற்கு நல்ல பெயர்தான்: “சமர்த்து”, “தொந்தரவே குடுக்காது”, “போட்ட இடத்துல கெடக்கும்”. ஆரணி வட்டாரத்து நெசவுத் தெருக்களில், விடிந்ததிலிருந்து வெளிச்சம் மங்கும்வரை தறியில் உட்கார வேண்டிய ஒரு தாய்க்கு இப்படிப்பட்ட பிள்ளை வாய்த்தால் அது வரம் என்றே தோன்றும்.

குழந்தை மருத்துவர்கள் இந்த வரத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். சத்துக் குறையத் தொடங்கும் குழந்தை முதலில் சிணுங்கும். எதற்கெடுத்தாலும் அழும், இடுப்பைவிட்டு இறங்காது, யாரிடமும் போகாது. குறை நீடித்தால் அழுகை அடங்கிவிடும். கிடைக்கிற கொஞ்ச ஆற்றலை மூச்சுக்கும் நாடித்துடிப்புக்கும் ஒதுக்கிவிட்டு, தவழ்வது, கைக்குக் கிடைத்ததை வாயில் வைத்துப் பார்ப்பது, முகம் பார்த்துச் சிரிப்பது ஆகியவற்றை உடம்பு ஒவ்வொன்றாக நிறுத்திக்கொள்கிறது. வீட்டில் உள்ளவர்களுக்குப் பிள்ளை ‘தெளிந்துவிட்டது’ போலத் தெரியும். உண்மையில் அது தன்னைச் சுற்றியுள்ள உலகத்திலிருந்து விலகிக்கொண்டிருக்கிறது.

ஊட்டச்சத்துக் குறைபாட்டை நாம் கிலோவிலும் சென்டிமீட்டரிலும்தான் அளக்கிறோம். எடை போடத் தராசு இருக்கிறது, உயரம் பார்க்க அளவுப் பலகை இருக்கிறது. அந்தக் குழந்தை எதைக் கண்டு மகிழ்கிறது, யாரைக் கண்டு கைநீட்டுகிறது, பயந்தால் எவ்வளவு நேரத்தில் ஆறுதல் அடைகிறது என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை. உணவின் குறை உணர்வின் குறையாக மாறும் அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அரிசியும் பட்டும் உள்ள ஊரில்

ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று பட்டு, இன்னொன்று அரிசி. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊரின் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஊரின் பெயர் அச்சிட்ட அரிசி மூட்டை சென்னை மளிகைக் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும். சைதாப்பேட்டை, முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, தேவிகாபுரம் என்று தறி ஓடும் தெருக்கள் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவியிருக்கின்றன. பொருளியல் அறிஞர் பார்பரா ஹாரிஸ்-வைட் 1970களின் தொடக்கத்திலிருந்து பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப வந்து இந்த ஊரின் சந்தையையும் தொழிலையும் ஆராய்ந்தார். 1991இல் தமிழ்நாட்டின் மதிய உணவையும் குழந்தைகளின் ஊட்டத்தையும் பற்றி அவர் தனியாக ஒரு நூலே வெளியிட்டது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். செல்வம் கைமாறும் ஓர் ஊரை அத்தனை ஆண்டுகள் உற்றுப் பார்க்கிறவர், அந்தச் செல்வம் எந்த வயிறுவரை போய்ச் சேர்கிறது என்று கேட்காமல் இருக்க முடியாது.

சோற்றுக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் இது. நியாயவிலைக் கடையில் 2011 ஜூன் முதல் அரிசிக்குக் காசில்லை. எனவே ‘பசி’ என்ற பேச்சையே எடுக்காதீர்கள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வயிறு நிறைகிறது, மறுக்கவில்லை. எதனால் நிறைகிறது? ஒரு வயதுக் குழந்தைக்கு ரசம் சோறு, இட்லி, கஞ்சித் தண்ணீர், தேநீரில் நனைத்த பிஸ்கட். அழுதால் வாயடைக்க ஐந்து ரூபாய்ப் பொட்டலம். தேநீரில் இருக்கும் பொருட்கள், உணவில் உள்ள சொற்ப இரும்பையும் உடம்பு உறிஞ்சிக்கொள்ள விடுவதில்லை. பருப்பும் கீரையும் முட்டையும் பாலும் வீட்டில் அறவே இல்லை என்பதல்ல. அவை பெரியவர்களின் குழம்பில் இருக்கின்றன, குழந்தையின் கிண்ணத்தில் இல்லை.

இதைக் கேட்டவுடன் ‘தாய்மார்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று ஒரு வாக்கியம் புறப்பட்டு வரும். ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டுச் சலித்த வாக்கியம் அது. தறி வீட்டின் கணக்கைப் பார்த்தால் அது எவ்வளவு பொய் என்று புரியும். ஒரு வயதுப் பிள்ளைக்குப் பருப்பும் கீரையும் வேகவைத்து மசித்து, நாளுக்கு நான்கைந்து வேளை கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு வேளைக்கு அரை மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் தறி நிற்கும். தறி நின்றால், நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுக்கும் நாள் தள்ளிப்போகும். புடவை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. அந்தக் கூலியிலும் முதலாளியிடம் வாங்கிய முன்பணம் முதலில் கழியும். அடைமழைக் காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறினால் வேலையே இல்லை. பட்டு விலை ஏறினால் பாவு வருவதில்லை. நாடு முழுவதும் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பில் (2019-20) மூன்றில் இரண்டு பங்கு நெசவுக் குடும்பங்கள் மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே சம்பாதிப்பதாகத் தெரியவந்தது. பட்டு நெசவு அந்தச் சராசரியைவிட மேல்தான், ஆனாலும் அது மாதச் சம்பளம் அல்ல. வருகிற மாதம் வரும், வராத மாதம் வராது. குழந்தையின் மூளை அப்படி மாதம் பார்த்து வளர்வதில்லை.

நெசவு வீட்டிலேயே நடக்கும் தொழில். அதனால் தாய் எப்போதும் குழந்தையோடுதான் இருக்கிறாள் என்று திட்டம் தீட்டுபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கட்டடத் தொழிலாளிக்குக் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தோட்டத் தொழிலாளிக்கு வேண்டும், நெசவாளிக்கு எதற்கு என்ற எண்ணம். தூளி இரண்டடி தூரத்தில்தான் தொங்குகிறது. ஆனால் கை நாடாவிலும் கால் மிதியிலும் கண் கரையிலும் இருக்கிற ஒருத்தி, அந்த இரண்டடியை நாளெல்லாம் கடக்க முடியாதவளாக இருக்கிறாள். ஓர் இழை அறுந்தால் அதை எடுத்துக் கட்டும்வரை பிள்ளை காத்திருக்க வேண்டும். கட்டி முடிக்கும்போது பிள்ளை தூங்கிப்போயிருக்கும், அல்லது அழுது பயனில்லை என்று கற்றுக்கொண்டிருக்கும்.

அவளுடைய குழந்தைப் பருவமும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடும் கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன்புவரை அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் ஒரு சிறுவனோ சிறுமியோதான். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகளும் அதில் உண்டு. குழந்தைத் தொழிலை ஒழிக்க 2000களில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்போடு சேர்ந்து நடந்த ‘இண்டஸ்’ திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. அன்று கரை போட உட்கார்ந்த சிறுமிகள் இன்று தாய்மார்கள், சிலர் பாட்டிகள். வளர வேண்டிய வயதில் வளராத உடம்போடும் வெளுத்த ரத்தத்தோடும் பிள்ளை பெற்றவர்கள். 2019-21இல் எடுத்த கணக்குப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. கருவில் இருக்கும் குழந்தை தனக்கான இரும்பைச் சேமிப்பது இந்த ரத்தத்திலிருந்துதான்.

இரும்பும் இணக்கமும்

இரும்பு என்றால் நமக்கு ரத்தம்தான் ஞாபகம் வருகிறது. நரம்பு இழைகளைச் சுற்றிப் படியும் மயலின் உறை உருவாகவும், மகிழ்ச்சிக்கும் ஊக்கத்துக்கும் கவனத்துக்கும் காரணமான டோபமைன் என்னும் வேதிப்பொருள் சரியாக வேலை செய்யவும் இரும்பு வேண்டும். பிறக்கும்போது வளர்ந்த மனிதனின் மூளையில் கால் பங்கு எடையே உள்ள குழந்தையின் மூளை, இரண்டு வயதுக்குள் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டை எட்டிவிடுகிறது. இந்த அவசரத்தில் சத்துத் தட்டுப்பட்டால், பின்னால் கொடுத்து ஈடுகட்டுவது எளிதல்ல.

கோஸ்டாரிகா நாட்டில் பெட்சி லோசாஃப் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. இரும்புச்சத்துக் குறைந்த குழந்தைகள் தாயைவிட்டு அதிகம் நகரவில்லை. புதிய பொருளைத் தொடத் தயங்கின, சீக்கிரம் களைத்தன, மகிழ்ச்சியைக் குறைவாகக் காட்டின. அந்தக் குழந்தைகளுக்கு இரும்புச்சத்து கொடுத்து ரத்தசோகை சரிசெய்யப்பட்டது. பத்து ஆண்டுகளுக்குமேல் கழித்துப் பார்த்தபோதும், கைக்குழந்தையாக இருக்கையில் குறைபாடு கடுமையாக இருந்தவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் கவனச் சிதறலும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன.

இதில் வேதியியல் பாதி, உறவு பாதி. குழந்தை சிரித்தால் நாம் சிரிப்போம். அது ‘ங்கா’ என்றால் நாமும் ‘ங்கா’ என்போம். வளர்க்கும் உறவு இந்தக் கொடுக்கல்வாங்கலில்தான் உருவாகிறது. சோர்ந்த குழந்தை கொடுப்பதில்லை, எனவே அதற்குக் கிடைப்பதும் குறைகிறது. குட்டையாகவும் மெலிந்தும் இருப்பதால் இரண்டு வயதிலும் அதைக் கைக்குழந்தையைப் போலவே நடத்துகிறார்கள். வயதுக்கேற்ற பேச்சும் விளையாட்டும் அதற்கு வாய்ப்பதில்லை. யாரும் கொடுமை செய்யவில்லை. இருந்தும் குழந்தை தனித்துப்போகிறது.

தாயும் சோர்ந்திருந்தால்? இந்தக் கேள்விக்கு விடை தேட வெளிநாடு போக வேண்டியதில்லை. ஆரணியிலிருந்து வேலூர் போகும் சாலையில் கண்ணமங்கலத்தைத் தாண்டினால் கணியம்பாடி ஒன்றியம் வரும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி சமுதாய மருத்துவப் பணியை நீண்டகாலமாக நடத்திவரும் பகுதி அது. அங்கே ஊட்டச்சத்துக் குறைந்த 72 கைக்குழந்தைகளையும் நல்ல எடையுள்ள 72 குழந்தைகளையும் ஒப்பிட்டு, அவர்களின் தாய்மார்களின் மனநிலையையும் ஆராய்ந்து 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பேறுகாலத்துக்குப் பின் மனச்சோர்வுக்கு ஆளான தாய்மார்களின் பிள்ளைகளிடம் ஊட்டச்சத்துக் குறைபாடு பல மடங்கு அதிகமாக இருந்தது. மனச்சோர்வு பிள்ளையை மெலியவைத்ததா, மெலிந்த பிள்ளை தாயைச் சோரவைத்ததா, கடனும் குடும்பமும் இரண்டையும் செய்தனவா என்று இத்தகைய ஆய்வு தீர்த்துச் சொல்லாது. மூன்றும் ஒரே வீட்டில் நடப்பவை என்பது மட்டும் தெளிவு. நம் கிராமச் சுகாதாரச் செவிலியர் தாயின் ரத்தம் பார்க்கிறார், ரத்த அழுத்தம் பார்க்கிறார். “மனசு எப்படியிருக்கு?” என்று உட்கார்ந்து கேட்க அவருக்கு நேரமும் இல்லை, பயிற்சியும் போதாது. கேட்டாலும் மாமியார் பக்கத்தில் நிற்கையில் எந்த மருமகள் வாய் திறப்பாள்?

அதே கல்லூரி, எட்டு நாடுகள் சேர்ந்து நடத்திய ‘மால்-எட்’ ஆய்வின் பகுதியாக, 2010 முதல் வேலூர் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளைப் பள்ளிப் பருவம்வரை பின்தொடர்ந்தது. சிறுவயதில் உயரம் தட்டிப்போனதும் இரும்புச்சத்துக் குறைந்ததும் பின்னாளைய அறிதிறனோடு தொடர்புடையவை என்று அங்கேயும் கண்டார்கள். வேலூரும் ஆரணியும் ஒரே பழைய வடார்க்காடு மண். சாப்பாடும் ஒன்றே.

உடம்பு தேறியது, மனம் தேறவில்லை

பார்படாஸ் தீவில் 1967க்கும் 1972க்கும் இடையே பிறந்து, முதல் வயதிலேயே கடும் ஊட்டச்சத்துக் குறைவால் மருத்துவமனையில் சேர்ந்த 129 குழந்தைகளை ஜானினா காலர் என்ற மருத்துவர் நாற்பது வயதுவரை பின்தொடர்ந்தார். அவர்கள் மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் நல்ல உணவும் கண்காணிப்பும் கிடைத்தன. பருவ வயது முடியும்போது உயரத்திலும் எடையிலும் வகுப்புத் தோழர்களை எட்டிப்பிடித்துவிட்டார்கள். நம் அளவுப் பலகையில் நிறுத்தினால் ‘நலம்’ என்று எழுதி அனுப்பிவிடுவோம். ஆனால் பள்ளி வயதில் அவர்களில் 60 விழுக்காட்டினருக்குக் கவனக் குறைபாடு இருந்தது. ஒப்பிடப்பட்ட மற்றக் குழந்தைகளில் அது 15 விழுக்காடு. நாற்பது வயதிலும் பதற்றம் கூடுதலாகவும் மனிதர்களோடு கலந்து பழகும் இயல்பு குறைவாகவும் இருந்தன. முதல் பன்னிரண்டு மாதங்களில் நேர்ந்த ஒன்று நாற்பது ஆண்டுகள் தொடர்ந்திருக்கிறது.

மொரீசியஸ் தீவில் மூன்று வயதில் ஊட்டச்சத்துக் குறைவின் அறிகுறிகள் இருந்த குழந்தைகள் எட்டு, பதினொன்று, பதினேழு வயதுகளில் மற்றவர்களைவிட முரட்டுத்தனமும் அடங்காமையும் அதிகம் காட்டியதாக 2004இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. இதை எழுதும்போது எனக்குத் தயக்கம் உண்டு. ‘ஏழை வீட்டுப் பிள்ளை முரடு’ என்று ஏற்கெனவே நினைக்கிறவர்களின் கையில் இது எளிதாகப் போய்ச் சேரும். ஆய்வு சொல்வது சராசரியை, ஒரு பிள்ளையின் தலையெழுத்தை அல்ல. மாறாக, ‘மந்தம்’, ‘சேட்டை’, ‘வகுப்பில் தூங்குகிறான்’, ‘தொட்டதற்கெல்லாம் அழுகிறாள்’ என்று நாம் பிள்ளையின் குணமாகப் பதிவுசெய்யும் பலவும், அதற்கு ஒன்றரை வயதாக இருந்தபோது கிடைக்காமல்போன பருப்பின், கிடைக்காமல்போன மடியின் விளைவாக இருக்கலாம் என்பதே இதிலிருந்து ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது. அப்படி எடுத்துக்கொண்டால் பிரம்பின் இடத்தில் வேறு ஏதாவது வரும்.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் எனக்கு மிக முக்கியமானது ஜமைக்காவில் நடந்தது. தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைப் பகுதிகளில், 1986-87ஆம் ஆண்டுகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை சாலி கிரந்தம்-மெக்ரெகர் என்ற மருத்துவரின் குழு சேர்த்துக்கொண்டது. எல்லோரும் 9 முதல் 24 மாதம் வயதுள்ளவர்கள். நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ சத்துப் பால்மாவு. இன்னொரு பிரிவுக்கு, வாரம் ஒருமுறை ஒரு சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் தாயையும் குழந்தையையும் வைத்து விளையாட்டுக் காட்டுவார். பொம்மைகள் கடையில் வாங்கியவை அல்ல, காலி டப்பாவிலும் அட்டையிலும் துணியிலும் செய்தவை. மூன்றாம் பிரிவுக்கு இரண்டும் உண்டு. நான்காவது பிரிவுக்கு இவற்றில் எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகளில் இது முடிந்தது.

பிறகு அந்தப் பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை விடாமல் தேடிப் பார்த்தார்கள். பால்மாவின் பலன் காலப்போக்கில் மங்கிவிட்டது. விளையாட்டின் பலன் மங்கவில்லை. பதினேழு, பதினெட்டு வயதில் விளையாட்டுப் பிரிவினரிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைவு, தன்மதிப்பு அதிகம். இருபத்திரண்டு வயதில் வன்முறையில் ஈடுபடுவதும் குறைவு. அவர்களின் வருமானம் மற்றவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்ததாக 2014இல் ‘சயின்ஸ்’ இதழ் வெளியிட்டது. உணவு தேவையில்லை என்று இதைப் படிக்கிறவர்கள் தவறாகப் படிக்கிறார்கள். உணவு தனியாகச் செய்ய முடியாததை, உணவோடு ஒரு மனிதர் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் செய்ய முடிகிறது. அந்த மனிதருக்குப் பெரிய படிப்புகூடத் தேவைப்படவில்லை.

நாம் எங்கே நிற்கிறோம்

பிள்ளைக்குச் சோறு போடுவதில் தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920இல் நீதிக்கட்சி ஏற்றிய அடுப்பு, 1956இல் காமராசரின் கையில் மாநிலம் முழுவதற்கும் ஆனது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று அதைச் சத்துணவாக்கி, பள்ளிக்கு வராத இரண்டு வயதுப் பிள்ளைக்கும் கொண்டுபோனார். கருணாநிதி முட்டையைச் சேர்த்தார். 2022 செப்டம்பரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் வந்தது. நாட்டு அளவில் மதிய உணவின் பலனை ஆராய்ந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, சிறுமியாக இருந்தபோது மதிய உணவு சாப்பிட்ட பெண்களின் குழந்தைகள் உயரமாக வளர்ந்ததைக் காட்டியது. ஒரு வேளைச் சோறு இரண்டு தலைமுறைக்குப் பயன்பட்டிருக்கிறது.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் (2019-21) இதன் பலன் தெரிகிறது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 35.5 விழுக்காடு, தமிழ்நாட்டில் 25. எடை குறைந்தவர்கள் நாட்டில் 32.1, இங்கே 22. பெருமைப்பட்டுக்கொண்டே அடுத்த வரியையும் படிக்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 57.4 விழுக்காடு. முந்தைய ஆய்வில் (2015-16) அது 50.7. உயரம் கூடும்போதே ரத்தம் வெளுத்துக்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன கோஸ்டாரிகாக் குழந்தைகளை நினைத்துப் பார்த்தால், இது வெறும் ரத்தப் பரிசோதனை எண் அல்ல.

நம் அடுப்புகள் எல்லாம் பிள்ளை நடந்து வந்து தட்டு நீட்டும் வயதில்தான் எரிகின்றன. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கு அங்கன்வாடியிலிருந்து சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்குப் போகிறது. வீட்டில் அதைக் கூழாக்கி எல்லோரும் குடிப்பார்கள், குடிக்கத்தான் செய்வார்கள். முட்டையும் இரண்டு வயதைத் தாண்டியவர்களுக்கே கூடுதலாகக் கிடைக்கிறது. மூளை அவசரப்படும் வயதில் அரசு மிகத் தொலைவில் இருக்கிறது. இது தெரியாததும் அல்ல. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையுள்ள பிள்ளைகளையே குறிவைத்து, மாதாமாதம் எடைபோட்டு, எடை ஏறாதவர்களுக்கு மட்டும் சத்துருண்டை கொடுத்தது. அதன் வெற்றியை உலகமே பேசியது. அந்தக் கூர்மை பிற்பாடு மழுங்கிப்போனது. 2022 மே மாதம் உதகையில் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம் அதைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறது. கடுமையாக மெலிந்த கைக்குழந்தைகளின் தாய்மாருக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் தருவது நல்ல யோசனை. ஆனால் அதுவும் எடையோடு தொடங்கி எடையோடு முடிகிறது.

விளையாட்டை யாரும் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பிறந்தது முதல் மூன்று வயதுவரையுள்ள குழந்தைகளோடு பேசுவது, பாடுவது, விளையாடுவது பற்றி ‘நவசேதனா’ என்ற பெயரில் ஒரு தேசிய வழிகாட்டியை ஒன்றிய அரசு 2024இல் வெளியிட்டது. நல்ல ஆவணம். அதைச் செயல்படுத்த வேண்டியவர் யார்? தமிழ்நாட்டின் 54,439 மையங்களில் இருக்கும் அதே அங்கன்வாடிப் பணியாளர்தான். எடை போட்டு, செயலியில் ஏற்றி, சமையலைப் பார்த்து, வாக்காளர் பட்டியல் வேலைக்கும் போய்வருகிறவர். அவர் தலையில் இன்னொரு வேலையை வைப்பது என்றால் அது காகிதத்தில்தான் நடக்கும். மூன்று வயதுக்குட்பட்டவர்களின் வீட்டுக்குப் போக ஒன்றியம்தோறும் தனியாகச் சிலரை நியமிக்க வேண்டும். தாய்மொழியில் தாலாட்டும் விடுகதையும் தெரிந்த, அந்தத் தெருவிலேயே வாழும் பெண்களாக இருந்தால் போதும். ஜமைக்காவில் அப்படித்தான் செய்தார்கள்.

‘நாங்களெல்லாம் கூழ் குடித்துத்தான் வளர்ந்தோம், எங்களுக்கு என்ன குறை’ என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கூழ் கேழ்வரகு, கம்பு. இன்றைய பிள்ளையின் பாலிஷ் போட்ட அரிசிக் கஞ்சியைவிடப் பல மடங்கு சத்து அதில் உண்டு. கூட்டுக் குடும்பத்தில் மடி மாற்றிப் பிள்ளையைத் தூக்க ஆள் இருந்தார்கள். அப்படியும் எத்தனை பேர் தேறவில்லை என்பதைத் தேறியவர்கள் சொல்ல முடியாது.

ஆரணிக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், எனக்குத் தோன்றுவது தறிக்கு நடந்துபோகும் தூரத்தில் குழந்தைகள் காப்பகம். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்காக, தறி ஓடும் நேரம் முழுதும் திறந்திருப்பது. இப்போதுள்ள அங்கன்வாடி, பெரிய பிள்ளைகளுக்கே அத்தனை நேரம் திறந்திருப்பதில்லை. கைத்தறித் துறைக்குத் தள்ளுபடி மானியம், இலவச வேட்டி சேலை, தறி மேம்பாடு என்று பணம் ஒதுக்கப்படுகிறது. தறியில் இருப்பவளின் கைக்குழந்தைக்கு என்று அதில் ஒரு தலைப்பும் கிடையாது. சமூகநலத் துறை பார்த்துக்கொள்ளும் என்று கைத்தறித் துறையும், வீட்டில்தானே இருக்கிறாள் என்று சமூகநலத் துறையும் விட்டுவிட்டன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ரொக்கமும் பெட்டகமுமாக 18,000 ரூபாய் கிடைக்கிறது. தவணைகள் தாமதமில்லாமல் கைக்கு வந்தால், பிள்ளை பெற்றவள் சில மாதமாவது தறியிலிருந்து இறங்கி இருக்கலாம். முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தைப் பிள்ளை பிறந்த ஆறு மாதத்துக்குக் கழிக்காமல் விடுவதும் முடியாத காரியமல்ல. புடவைக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஜவுளிக்கடைகளுக்கு இந்தச் செலவு கணக்கிலேயே வராது.

ஆரணிப் பகுதியில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குச் சொந்தக் கட்டடமும் உண்டு. பாவு கொடுக்கவும் புடவை வாங்கவும் உறுப்பினர்கள் வாரந்தோறும் வந்துபோகும் இடம் அது. அங்கே ஓர் அறையைத் திறந்து, பாய் விரித்து, முட்டையும் பருப்புச் சோறும் கிடைக்கச் செய்து, பிள்ளைகளோடு பேசி விளையாட இரண்டு பெண்களைச் சம்பளத்துக்கு அமர்த்த அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சங்கம் முதலில் தொடங்கட்டும். மானியம் கேட்டுப் பிறகு சென்னைக்குப் போகலாம்.